ஊறுகாய் அலமாரியில் பருத்தி நோய்

கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் ஹேமாம்புஜம் முதலில் அதில் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பாள். சின்ன காஞ்சிபுரத்தில் அவளுக்குப் பூஞ்சை மாமி என்று பெயர். பயிர்நோய் ஆய்வுக்கூடத்தில் வேலை. மொபெட்டில் போகும்போதும் கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கும்.

தொண்ணூற்றெட்டில் தென்னேரியிலிருந்து சிட்டிபாபு ஒரு பை பருத்தி இலையோடு வந்தார். கிணற்றுத் தண்ணீரை நம்பி முதன்முறையாகப் பருத்தி போட்டிருந்தார். இலையெல்லாம் சாம்பல் வளையங்கள்.

“வேர் நோவாம்மா. மொத்தத்தையும் புடுங்கிக் கொளுத்தச் சொல்லிக்கினு இருக்காங்க ஊர்ல. பூ வுட்டுக்கினு இருக்குது, எப்படிம்மா கை வரும்?”

“நான் சொல்ற வரைக்கும் பிடுங்காதீங்கோ.”

மறுநாள் வயலுக்குப் போய் ஒரு செடியின் தண்டைப் பிளந்தாள். வேர் நோயென்றால் உள்ளே பழுப்பேறியிருக்கும்; இது சுத்த வெள்ளை. வேர் நோய் இல்லை. இலையில் இருந்த பூஞ்சையோ அவள் படித்த எதிலும் இல்லை.

அதைத் தனியாக வளர்த்து, நல்ல செடியில் விட்டு, அதே வளையம் வந்தால்தான் அதுவே காரணம் என்பது நிச்சயம். ஆனால் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர்களெல்லாம் “இதுதானா அது?” என்று அவள் அதை வளர்த்த கண்ணாடித் தட்டின் மூடியைத் திறந்தார்கள். தட்டில் கண்ட கண்ட பூஞ்சையும் குடியேறியது.

வீட்டில் புலம்பினாள். அம்மா தேவகி சிரித்தாள்.

“என் ஊறுகாய் என்னிக்காவது பூத்திருக்கா? குளிக்காம ஒருத்தர் தொடப்படாது, அதான்.”

ஹேமாம்புஜம் ஊறுகாய் அலமாரியைப் பார்த்தாள்.

“வாயைத் திறக்காதே. ஆவக்காய் பக்கத்துல பூஞ்சையா?”

“மூடியை இறுக்கி ஒட்டித்தாம்மா வைப்பேன்.”

“கீழ்த்தட்டுல வை. நீயும் குளிச்சுட்டுத்தான் தொடணும்.”

அலமாரியில் அந்த ஒரே பூஞ்சை, சாம்பல் வெல்வெட்டாக வளர்ந்தது. அதைத் தண்ணீரில் கலந்து, கொல்லையில் தொட்டியில் வளர்த்த பருத்திச் செடிகளின் மேல் தெளித்தாள். பாதிச் செடிகளுக்கு ஈரத்துணி போர்த்தினாள். ஒரு காலையில், ஈரத்தில் இருந்தவற்றில் மட்டும் வளையங்கள்.

“வந்துடுத்தும்மா!”

“செடி சீக்காச்சுன்னு குதிக்கறவளை இப்பத்தான் பார்க்கறேன்.”

மொபெட் தென்னேரிக்குப் பறந்தது.

“நோய் மண்ணுல இல்லே. இலையில ஈரம் தங்கினாத்தான் வரது. அடியிலையைக் கிள்ளி எரிங்கோ. தண்ணியை நாள் தள்ளித் தள்ளிப் பாய்ச்சுங்கோ.”

“நோவுக்குப் பேரு? ஊர்ல கேப்பாங்களே.”

“புதுசு. இன்னும் வைக்கலே.”

“பேரு வைக்கும்போது சொல்லும்மா, சக்கரையோட வரேன்.”

பருத்தி வெடித்ததும் சிட்டிபாபு விளக்குத் திரிக்கென்று ஒரு பை பஞ்சு கொண்டுவந்தார். தேவகி ஒரு கொத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அந்தப் பூதக்கண்ணாடியைக் கழட்டிக் கொடுடீ.”