மங்களம் இல்லாத கதை

கலியமூர்த்தி கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனித் தொழிலாளி; திருவிழா வந்தால் ராஜா. முப்பது வருஷம் ஒரே இசை நாடகத்தில் ஒரே வேஷம். இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கொண்ட மகளை விரட்டிவிட்டு, கடைசியில் மனம் மாறித் தேடிப்போகும் ராஜா. மகள் ஓடிவந்து காலில் விழுவாள். மங்களம் பாடி முடிப்பார்கள்.

வீட்டிலும் அதே கதைதான், கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. மகள் எழிலரசி தானே பார்த்த பையனோடு சிதம்பரம் போய்ப் பதினோரு வருஷம். ஒரு மணி நேர பஸ். இந்த மனுஷன் ஏறவில்லை. போன வருஷம் மனைவி ராமாமிர்தம் சாகக் கிடந்தபோதும் மகளுக்குச் சொல்லவில்லை. அவள் கேள்விப்பட்டு ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பழைய சிநேகிதன் என்ற உரிமையில் நான் திட்டினேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆளிடம் என்ன பேசுவது?

"அவ எங்க போயிடப் போறா மச்சான்? பொறுமையா பாத்துக்கலாம்," என்பார்.

திருப்பாதிரிப்புலியூரில் நானும் கலியமூர்த்தியும் சேர்த்து ஏழெட்டுப் பேர் ஞாயிறு சாயங்காலம் கூடிப் புத்தகம் படிக்கிறோம். இந்த வருஷம் இசை நாடகங்களின் மூலக் கதைகள். ராஜா கதை பிறந்த பழைய கதைப்பாடல் வந்தபோது, கடைசிப் பகுதியைச் சத்தமாகப் படிக்கக் கலியமூர்த்தியிடமே கொடுத்தோம்.

"எனக்குத் தெரியாத கதையா?" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

பாட்டில் ராஜா மகளின் குடிசைக்குப் போய்ச் சேர்ந்தார். வாசலில் பாடை இருந்தது. கலியமூர்த்தி அங்கேயே நிறுத்திவிட்டார்.

"இது தப்பா அச்சடிச்சிட்டாங்களா?"

"இல்லைங்க," என்றார் சந்திரலேகா டீச்சர். "மூலத்துல பொண்ணு செத்துடுறா. மங்களம் பாடாம நாடகத்த முடிக்கக் கூடாதில்ல, அதான் மேடைக்கு மாத்திட்டாங்க."

கலியமூர்த்தி அடுத்த பக்கத்தைத் தேடினார். கதை அதோடு சரி.

மறுநாள் காலையில் என் வாசலில் நின்றார். "சிதம்பரம் போறேன். கூட வா மச்சான்."

எழிலரசிதான் கதவைத் திறந்தாள். ஓடிவரவும் இல்லை, காலில் விழவும் இல்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா கடைசியா என்னப்பா சொன்னாங்க?"

நாலு ஊருக்குக் கேட்கிற குரல் அவருக்கு. அன்றைக்குப் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"உன்னக் கூப்பிடச் சொன்னா. மூணு நாளா சொன்னா. நான்தான் கூப்பிடல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரொம்ப நேரம் கழித்து, கதவை விட்டு நகர்ந்து வழிவிட்டாள்.