ஐந்துக்கு நீளம் எவ்வளவு?

போன வியாழக்கிழமை ஒரே நாளில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு இரண்டு தேங்காய் உடைத்தேன். முதல் தேங்காய்... கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

என் வேலைதான் உங்களுக்குத் தெரியுமே — டெஸ்டிங். எங்கள் ஆபீஸ் சொந்தமாக ஒரு லிஸ்ப் தயாரிக்கிறது. லிஸ்ப் என்பது ஒரு கம்ப்யூட்டர் மொழி. அதில் லிஸ்ட் என்னும் வரிசைகளுக்கென்றே சில ஃபங்ஷன்கள் உண்டு. நீளத்தைச் சொல்ல ஒன்று, தலைகீழாகத் திருப்ப ஒன்று, இப்படி. அவற்றிடம் வேண்டுமென்றே ஏடாகூடமாகக் கேட்பது என் பொறுப்பு. 'ஐந்து என்ற எண்ணுக்கு நீளம் எவ்வளவு?' உடனே அது 'டைப் எரர்', அதாவது கொடுத்த சரக்கே தப்பான வகை, என்று கத்த வேண்டும். கத்தினால் பாஸ். சமர்த்தாக ஏதாவது பதில் சொன்னால் ஃபெயில். திட்டு வாங்குவதற்குச் சம்பளம் — எனக்கேற்ற வேலை இல்லையா?

புதன்கிழமை சாயங்காலம் நாற்பத்தெட்டு டெஸ்ட்டும் பாஸ். மறுநாள் மாலை எல்லாம் கஸ்டமருக்குப் போக வேண்டும். என் வேலை நிரந்தரமாவதும் அந்த ரிப்போர்ட்டை நம்பித்தான். காலையில் போகிற வழியில் தேங்காயை உடைத்துவிட்டு, உல்லாசமாக ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன்.

பக்கத்து சீட் கோமதி, ஸ்ரீவராகம் பேட்டைக்காரி, ரிப்போர்ட்டைப் புரட்டினாள்.

"ஒண்ணுகூட விழலையா? சரியான லிஸ்ட் ஒண்ணு கொடுத்துப் பாத்தேளோ?"

அதை எதற்குப் பார்க்க வேண்டும்? இருந்தாலும் மூன்று பெயர்கள் உள்ள லிஸ்ட்டைக் கொடுத்து நீளம் கேட்டேன். மூன்று என்று சொல்ல வேண்டியது, அதற்கும் கத்தியது. என்ன எரர் என்று அப்போதுதான் முதல்முறையாகப் படித்தேன். 'இப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை.'

டெஸ்ட்டின் முதல் வரிகளைத் திறந்து பார்த்தேன். ஃபங்ஷன்கள் இருந்த ஃபைலையே நான் லோடு செய்யவில்லை! இல்லாத ஒன்றிடம் நாற்பத்தெட்டு கேள்வி கேட்டு, நாற்பத்தெட்டுக்கும் பாஸ் போட்டிருக்கிறேன். திட்டு விழுந்தால் போதுமா? எதற்காகத் திட்டு என்று கவனிக்க வேண்டாமா? என் மனைவியும் பல வருடமாக இதைத்தான் கேட்கிறாள்.

ஃபைலை லோடு செய்து, வருவது டைப் எரர்தானா என்றும் பார்க்கும்படி மாற்றி, மறுபடி ஓட்டினோம். நாற்பத்தேழு பாஸ். ஒன்று ஃபெயில்! எண்ணைக் கொடுத்துத் திருப்பச் சொன்னால், கொஞ்சமும் கூசாமல் காலி லிஸ்ட்டை நீட்டியது ஒரு ஃபங்ஷன்.

"அப்பாடா, ஒண்ணு விழுந்துடுத்து! இனி டெஸ்ட்டை நம்பலாம், கேட்டேளா" என்றாள் கோமதி.

சரிசெய்ய ஒரு மணி நேரம்தான் ஆனது. ஐந்து மணிக்கு எல்லாம் ஒழுங்காகக் கஸ்டமருக்குப் போயிற்று. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேரே பழவங்காடிக்கு நடந்தேன்.

"காலையிலே ஒண்ணு ஒடச்சதல்லே சாரே, பின்ன இது எதுக்கு?" என்றார் தேங்காய்க் கடைக்காரர்.

"அது எல்லாம் பாஸானதுக்கு. இது ஒண்ணு ஃபெயிலானதுக்கு."