சாவு வீட்டில் வயலின்

பெரியப்பா செத்ததற்கு நான் அழவில்லை. கம்பளையில் அவருடைய வீடும் எங்கள் வீடும் ஒரே கூரைக்குக் கீழே. நடுவில் வெறும் பலகைச் சுவர். நான் வயலின் வில்லைக் கையில் எடுத்தால் போதும், அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்: "பொட்டப் புள்ளைக்குப் பிடில் ஒரு கேடா?" இருந்தவரை வாயால் கெடுத்தார். கொழும்பு இசைக் கல்லூரியின் தெரிவுப் பரீட்சைக்குச் சில நாட்களே இருக்கையில் போய்ச் சேர்ந்தார். மனுஷனுக்குச் சாவதற்குக்கூட வேறு நேரம் கிடைக்கவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி. அதுவரை வீட்டில் பாட்டும் கூடாது, வாத்தியமும் கூடாது. அப்பா வயலினை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பரீட்சைக்கு மறு திகதி குடுக்க மாட்டாங்கப்பா."

"செத்த வீட்டுல பிடில் சத்தம் கேட்டா ஊரு காறித் துப்பும்."

"ஊரா எனக்குப் பரீட்சை வைக்குது?"

"வாய மூடு."

எழுந்து போனேன். அடுப்படியில் உட்கார்ந்து அகப்பைக் காம்பின்மேல் விரல்களை ஓட்டினேன். பரீட்சைக்கென்று கண்டி வகுப்பில் பழகிய வர்ணத்தை விரல் மறக்காது. வில் பிடிக்கும் கைதான் துரோகி. நாலு நாள் விட்டால், வேகம் இரட்டிக்கும் இரண்டாம் காலத்தில் இழுபடும். அப்பாவின் முன்னால் சோற்றுக் கோப்பையை நங்கென்று வைத்தேன்.

பரீட்சைக்கு முதல் நாள் அவரே பேசினார். "அண்ணிகிட்டப் போய்க் கேளு. அவங்க சரின்னா நான் தடுக்கல." பெரியம்மா ஒருநாளும் சம்மதிக்கமாட்டாள் என்ற தைரியம் அவருக்கு. எனக்கும் அதே நினைப்புத்தான். புருஷன் எதைச் சொன்னாலும் ஒத்து ஊதியே பழகியவள் அவள்.

இருந்தாலும் போனேன். அப்பா பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். பெண்கள் சூழப் பாயில் உட்கார்ந்து பெரியம்மா ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். குனிந்து விஷயத்தைச் சொன்னேன். "கேக்குற நேரத்தப் பாரு, நெஞ்சழுத்தக்காரி" என்றாள் ஒருத்தி. பெரியம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். காதோரம் வாயை வைத்துச் சொன்னாள்:

"அந்தாளு இருந்தா ஒன்ன விட்டிருக்காது. இப்பதான் இல்லையே, போ. நான் அழுவுறதே ஊருக்காகத்தான்."

பிறகு நிமிர்ந்து, "தம்பி, அவகிட்டச் சாவியக் குடுங்க" என்றாள். அப்பா அசையவில்லை. அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகுதான், "என்னைய விட்டுட்டுப் போயிட்டியே ராசா" என்று மாரில் அடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.