சிலுவைமுத்துவின் செல்கள் தின்ற கறி

பிரியாணி வாசம் நுழையாத தெரு திண்டுக்கல்லில் கிடையாது. இந்த ஊரில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்கக் கறி தொடாமல் இருப்பவர் புளி வியாபாரி சிலுவைமுத்து. முப்பத்தெட்டு வருடமாக இருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், பக்கத்துத் தேங்காய்க் கடை என்னுடையது, தினமும் சொல்வார். வெள்ளிக்கிழமை பகல் முழுக்கப் பட்டினி வேறு. அன்று இரண்டு தடவை சொல்வார்.

இந்த வருடம் அவருடைய மருமகள் ஐரின், கல்லூரியில் விலங்கியல் நடத்துபவள், மாமனாரைக் குளிர்விக்க நினைத்து வாயைக் கொடுத்தாள்.

“பட்டினி நல்லதுதான் மாமா. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மைட்டோகாண்ட்ரியான்னு குட்டி குட்டியா இஞ்சின் மாதிரி இருக்கு. அதுதான் நமக்குத் தெம்பு தருது. அதுல கெட்டுப்போனது, ஆக்சிஜன்ல இருந்து ஒரு நச்சக் கக்கி செல்லையே அரிக்கும். பட்டினி கெடந்தா, செல்லு அந்தக் கெட்டதத் தேடிப் புடிச்சுத் தின்னு செரிச்சிரும். அத வச்சே புதுசும் செஞ்சுக்கும்.”

சிலுவைமுத்துவின் முகம் வெளுத்தது. “தின்னுதா? அது என் ஒடம்புச் சதைதானம்மா?”

“ஒரு வகையில ஆமா மாமா.”

“அப்ப முப்பத்தெட்டு வருசமா வெள்ளிக்கிழமை தவறாம கறி தின்னுருக்கேன்.”

ஐரின் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மனுஷன் கேட்கவில்லை. என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி மாதா கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். வெளியே வரும்போது முகம் இன்னும் மோசமாக இருந்தது.

“பாவமே இல்லன்னுட்டாரு சாமியாரு. ‘ஆனா ஒங்க செல்லு அம்புட்டு வேலையும் பாத்துட்டு யாருகிட்டயாச்சும் சொல்லுச்சா? நீங்களும் நோன்பு இருக்கத ஈஸ்டர் வரைக்கும் யாருகிட்டயும் சொல்லக்கூடாது’ங்கிறாரு. பொன்னழகு, இதுக்குப் பேசாம கறியவே தின்னுரலாம்ப்பா.”

மறு ஞாயிறு என் பேத்திக்குக் காதுகுத்து. எரியோட்டிலிருந்து வந்த என் மைத்துனன் நாச்சிமுத்து, பந்திக்கு வந்திருந்த சிலுவைமுத்துவின் இலைக்குக் கறியை அள்ளினான். அவர் கையால் மறைத்தார்.

“ஏண்ணே, கறி ஆகாதா?”

அவர் வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

“மூலமா?”

இலையை மறைத்த கையை அவர் எடுக்கவில்லை. நாச்சிமுத்து நல்லவன். பந்தி முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தான். “ஏலே, இந்த அண்ணனுக்கு மூலம். கறி வைக்காதீக, வெறுஞ்சோறும் மோரும் கொண்டாங்க.”

பந்தியே திரும்பிப் பார்த்தது. சிலுவைமுத்து என்னைப் பார்த்தார். அவருக்குத்தான் வாய்ப்பூட்டு, எனக்கு இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்தெட்டு வருடம் கேட்டவன் நான். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அவர் தலைகுனிந்து மோர்ச்சோற்றைப் பிசைந்தார். காது வரை சிவந்திருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கும் மோரே ஊற்றச் சொன்னேன்.

“ஒங்களுக்குமா மச்சான்?” என்றான் நாச்சிமுத்து.

ஆமாம் என்றேன்.