‘தெரியுமா?’ பெஞ்சும் ஜெனிட்டாவின் கடிதமும்

அடுத்தவன் கழுத்தில் கத்தி வைக்கிற தொழிலில் இருப்பவன் கோபப்படவே கூடாது. நான் இருபத்திரண்டு வருஷமாகக் கோபப்பட்டுக்கொண்டேதான் சவரம் செய்கிறேன்.

எங்கள் தொழிலில் வருகிறவர்கள் பேசுவார்கள், நாம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். தையற்காரர்களே, பஸ் கண்டக்டர்களே, மருந்துக்கடைக்காரர்களே, உங்களுக்கும் இது பழகிய வேதனைதான். பல் வைத்தியர்களை நான் சேர்க்கவில்லை. அவர்கள் வந்தவரின் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு நிம்மதியாக வேலை பார்க்கிறார்கள்.

என் சலூன் லுணுகலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு கதிரை, ஒரு நீளக் கண்ணாடி, சுவரோரம் ஒரு பெஞ்சு. வினை எல்லாம் அந்தப் பெஞ்சில்தான். ஒருவர் “தெரியுமா?” என்று ஆரம்பித்து ஓர் அதிசயத் தகவலைச் சொல்வார். மற்றவர்களுக்குத் தெரியாவிட்டால் அவருக்கு ஒரு பிளேன்டீ கிடைக்கும். தெரிந்திருந்தால் அவர் எல்லாருக்கும் வாங்கித் தர வேண்டும். சரித்திரம், பாஷை, பூகோளம், சினிமா, எதுவும் போகும். தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் நான். பத்தாம் வகுப்போடு நின்றவனை நீதிபதி ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

இந்தத் துணுக்குகள் நடந்த காலத்தில் என் மகள் ஜெனிட்டா உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். டீச்சர் ஆக வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே அவளுடைய ஆசை. நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வர வேண்டியதுதான் பாக்கி. நாங்கள் இருப்பது டவுனிலிருந்து மூன்று மைல் கட்டை தள்ளி, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய அறை வரிசையில். லயத்துக்குத் தபால்காரர் வரமாட்டார். யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும். அங்கேயிருந்து அதைக் காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்குக் கொண்டுபோய், பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். என் மனைவி ரீட்டா இடுப்பு வலியால் கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டாள். அதனால் எங்கள் வீட்டிலிருந்து பெரட்டுக்குப் போக ஆளில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தோம். நான் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஜெனிட்டா கேட்பாள், “அப்பா, கடிதம் பத்தி யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

போர்த்துக்கீசன் திருப்பிக் கேட்டால்

நல்லையா மாஸ்டர் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். தாடையில் நுரை பூசிய பிறகுதான் அவருக்கு ஞானம் பிறக்கும். ஒரு நாள் கண்ணாடி வழியாக என் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தெரியுமா சூசை? நான் உக்காந்திருக்கிற கதிரை போர்த்துக்கீச வார்த்தை. மேசை அவன் வார்த்தை. ஜன்னல், சாவி, அலுமாரி, என் கழுத்துல சுத்தியிருக்கீங்களே துவாய், அம்புட்டும் அவன் விட்டுட்டுப் போனது” என்றார். பெஞ்சு வாயைப் பிளந்தது. பிளேன்டீக்கு ஆள் போனது.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. மனிதர் கையைத் தூக்கி, இன்னும் இருக்கிறது என்று சைகை காட்டினார். நுரை காய்கிறது, வரிசையில் நாலு பேர் காத்திருக்கிறார்கள், நான் கத்தியைப் பிடித்துக்கொண்டு சிலையாக நிற்கிறேன். அவர் சாவகாசமாகச் சொன்னார்: “லயத்துல நீங்க குடியிருக்கிற காம்பராவும் அவன் வார்த்தைதான். நாளைக்கு அவன் வந்து எல்லாத்தையும் திருப்பிக் கேட்டான்னா, இந்தக் கண்ணாடிய மட்டும் கட்டிப் புடிச்சிக்கிட்டு நீங்க ரோட்டுலதான் நிக்கணும்.”

பாதி மீசை

ஊருக்கே தெரிந்த பழைய நடிகர் ஒருவர் எங்கள் மலைநாட்டில் பிறந்தவர். எந்த ஊரில் என்பதில்தான் சண்டை. லொறி டிரைவர் ராஜு கண்டி என்றான். பெஞ்சிலிருந்த மரக்கறிக் கடைக்காரர் நாவலப்பிட்டி என்றார். அப்போது ராஜு என் கதிரையில் இருந்தான். மீசையை முழுக்க எடுக்கச் சொல்லியிருந்தான், நான் வலது பக்கத்தை முடித்திருந்தேன்.

“எங்க சித்தப்பாவக் கூட்டிட்டு வாறேன், அவருக்குத் தெரியும்!” என்று துவாயை உதறிவிட்டு எழுந்து போனான். போனவன் ஒன்றரை மணித்தியாலம் பஸ் நிலையம் முழுக்கப் பாதி மீசையோடு சுற்றியிருக்கிறான். அதைப் பார்த்தவர்கள் எல்லாம் என் கடையை நோக்கிக் கை நீட்டிச் சிரித்திருக்கிறார்கள். என் தொழில் நாறியது. திரும்பி வந்தவனைப் பிடித்து, “உக்காருடா, முடிச்சு விடுறேன்” என்று பல்லைக் கடித்தேன். அவன் மரக்கறிக் கடைக்காரரை முறைத்துக்கொண்டே சொன்னான்: “மொதல்ல இந்தாளு கண்டின்னு ஒத்துக்கட்டும் அண்ணே, அப்பறமா மீதிய எடுங்க!”

சந்திரனுக்கு மூன்று நாள்

அதே ராஜுதான், மீசை முளைத்த பிறகு. “தெரியுமா? மனுசன் சந்திரனுக்கு மூணே நாள்ல போய்ச் சேந்துட்டான்” என்றான். தெரியும், தெரியாது என்று பெஞ்சு இரண்டாகப் பிரிந்து கத்தியது. மூலையில் ஒருவர் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். மடுல்சீமைப் பக்கத்து ஆள், மொட்டை போட வந்தவர். அவருடைய அம்மா இறந்துவிட்டார்.

கதிரையில் உட்கார வைத்துத் தண்ணீர் தெளித்தேன். பெஞ்சில் சத்தம் ஓயவில்லை. “ஒரு சாவுக்காரர் உக்காந்திருக்காரு, வாய மூடுங்கடா” என்று நான் கத்த வாயெடுத்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு ராஜுவின் பக்கம் திரும்பினார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குக் கேட்கிற மாதிரித்தான் சொன்னார்: “நெலாவுக்கு மூணு நாளுங்களா? எங்கம்மாவ லயத்துலேந்து வாகனம் வர்ற ரோட்டுக்குத் தூக்கிட்டு வரவே மூணு மணித்தியாலம் ஆச்சுங்க.”

கடலுக்கு அடியில் தபாலாபீஸ்

எங்கள் தோட்ட ஆபீசின் பெரிய கிளாக்கர் சனிக்கிழமை தோறும் வருவார். பெஞ்சில் அவரை ஜெயிக்க ஆளில்லை. கைப்பேசியில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார் என்பது எனக்குத் தெரியும், ஆனால் சட்டத்தில் அதற்குத் தடையில்லை. அன்றைக்கு, “தெரியுமா? வனுவாட்டுன்னு ஒரு நாடு. அங்க கடலுக்கு அடியில ஒரு தபாலாபீஸ் இருக்கு. நனையாத அட்டையில எழுதி, முங்கிப் போயி போடணும்” என்றார். யாரும் நம்பவில்லை. படத்தைக் காட்டினார். நான் சரி என்று தீர்ப்புச் சொன்னேன்.

ஜெனிட்டாவின் கடிதத்தைப் பற்றி அப்போதே கேட்டிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு உதவி கேட்டால் மிரட்டுகிற மாதிரி இருக்குமே என்று விட்டுவிட்டேன். அதற்கு முன்பே ஜெனிட்டா ஆபீஸ் ஜன்னலில் போய்க் கேட்டிருந்தாள். உள்ளே இருந்த யாரோ, “வந்தா பெரட்டுல கூப்புடுவோம்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு அவர் முகத்துக்குப் பவுடர் போட்டேன். அவர் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டே எழுந்தார்: “கடலுக்கு அடியிலேந்தே கடிதம் போவுது பாருங்க சூசை, ஒலகம் எங்கயோ போயிருச்சு!”

பெரட்டில் கூப்பிட்ட பெயர்

அடுத்த வியாழக்கிழமை சிவலிங்கம் தலைமுடி வெட்ட வந்தான். எங்கள் தோட்டத்தில் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இரண்டு உண்டு. நாங்கள் கீழே, அவன் மேலே. பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போது, “அண்ணே, நீங்க வேதக்காரங்கதானே, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஜெனிட்டா மேரின்னு யாரு? எங்க பெரட்டுல ரெண்டு நாளு கூப்புட்டுப் பாத்தாங்க, ஒருத்தரும் கை தூக்கல” என்றான்.

கத்தரிக்கோலை மேசையில் வீசிவிட்டு, அவனைப் பாதித் தலையோடு அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினேன். ஆபீசில் கிளாக்கர் மேசை லாச்சியை இழுத்துத் திறந்தார். பழைய பேப்பருக்குக் கீழே கடிதம் இருந்தது. ஜெனிட்டா விண்ணப்பத்தில் டிவிஷன், லயம், காம்பரா எல்லாம் எழுதியிருந்தாள். உறையில் தோட்டத்தின் பெயரும் லுணுகலையும் மட்டும் இருந்தன. மேல் டிவிஷனில் மட்டும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு லாச்சிக்குள் போட்டிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தேன். நேர்முகப் பரீட்சை முந்தாநாள், செவ்வாய்க்கிழமை முடிந்துவிட்டது.

கடிதம் லாச்சியில் கிடந்த நாட்களில் இந்த மனிதர் இரண்டு சனிக்கிழமை என் கதிரையில் மல்லாந்து கிடந்திருக்கிறார். கடலுக்கு அடியில் இருக்கிற தபாலாபீஸைப் பற்றிப் பேசியிருக்கிறார். நான் சிரித்திருக்கிறேன். அது நினைவுக்கு வந்ததும் ஆபீஸ் அதிரக் கத்தினேன், என்னென்ன சொன்னேன் என்று இப்போது எழுத முடியாது. அவருக்குக் கோபமே வரவில்லை. உண்மையிலேயே புரியாமல் விழித்தார்: “ரெண்டு தரம் கூப்புட்டோமே சூசை. ஒங்க வீட்டுல யாரும் செக்ரோல்ல பேர் பதிஞ்சு வேலை செய்யல, ஒங்க மகள் பேரு ஜெனிட்டான்னு எனக்கு எப்புடித் தெரியும்?”

பதுளையில் ஓர் அதிசயம்

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு ஜெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போனேன். நேர்முகப் பரீட்சை நடத்தியவர்களின் அலுவலகத்தில் ஓர் அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. பட்டியல் போய்விட்டது, இனி அடுத்த வருஷம்தான் என்றார். ஜெனிட்டா சான்றிதழ்கள் வைத்திருந்த கோப்பை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி விண்ணப்பத்தைப் பார்த்து, “வீட்டு இலக்கம் ஏன் போடவில்லை?” என்று கேட்டார். வீட்டுக்கு இலக்கமே கிடையாது என்றேன். தெருப் பெயர்? கிடையாது. இத்தனை குடும்பத்துக்கும் ஆபீஸ் ஒன்றுதான் விலாசம் என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். என்னை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொருவரும் வந்து நின்றார். மூன்றாவது தரமும் சொன்னேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் பெஞ்சில் எத்தனையோ தடவை பார்த்த முகம்தான் அது. பிளேன்டீ வாங்கித் தருவார்களோ என்று பயந்தேன். பக்கத்து மேசைக்காரர் கடைசியாக வாயைத் திறந்தார்: “இவ்வளவு வருசம் இங்க வேலை செய்றேன், இது எனக்குத் தெரியவே தெரியாது, அருமையான தகவல்!”

ஆணி

திரும்பும்போது பஸ்ஸில் நான் பொருமிக்கொண்டே வந்தேன். கிளாக்கரை, தோட்டத்தை, உறையில் விலாசம் எழுதியவனை, சும்மா இருந்த என்னை, யாரையும் மிச்சம் வைக்கவில்லை. ஜெனிட்டா அழவில்லை. பசறை தாண்டியதும், “அப்பா, நம்ம கடைக்கு நம்பர் இருக்குல்ல?” என்றாள். இருக்கிறது. பிரதேச சபை கதவில் அடித்த தகடு. இருபத்திரண்டு வருஷமாக அதைத் திறந்து மூடுகிறேன், எனக்கு அது தோன்றவில்லை.

மறுநாள் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு நீள ஆணி அடித்தேன். லயத்தில் எல்லாரையும் கடை விலாசத்தையே போடச் சொன்னேன். இன்றைக்கு இரண்டு டிவிஷன் குடும்பங்களின் கடிதங்களும் அந்த ஆணியில்தான் தொங்குகின்றன. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போனவர்களின் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், கோர்ட்டுக் கடிதம் எல்லாம் வருகிறது. முடி வெட்ட வருகிறவர்களைவிடக் கடிதம் தேடி வருகிறவர்கள் அதிகம். ஜெனிட்டா ஒரு வருஷத்தை டவுனில் துணிக்கடையில் நின்று கழித்தாள். அந்த ஒரு வருஷத்தை யாரும் அவளுக்குத் திருப்பித் தரப்போவதில்லை.

அடுத்த வருஷம், ஒரு சனிக்கிழமை, தபால்காரர் வாசலில் நின்று “ஜெனிட்டா மேரி” என்று கூப்பிட்டார். நுரைக் கையோடு வாங்கிப் பிரித்தேன். நேர்முகப் பரீட்சைக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அதை ஆணியில் மாட்டிவிட்டு, பாதியில் விட்ட சவரத்துக்குக் கத்தியை வைத்தேன். கதிரையில் மல்லாந்து கிடந்தவர் பெரிய கிளாக்கர். அவர் கண்ணாடியில் என்னையும் கடிதத்தையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்துக் கத்தியை அவர் தொண்டையிலிருந்து எடுத்தேன். அவர் பெஞ்சைப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னார்: “தெரியுமா? சலூனுக்குக் கடிதம் வர்ற தோட்டம் ஒலகத்துலயே இது ஒண்ணாத்தான் இருக்கும், எடுங்க எனக்கு ஒரு பிளேன்டீ!”

இத்தனை வருஷத்தில் நான் கண்டது இதுதான்: எல்லாம் தெரிந்த மனிதர்களுக்குத் தங்கள் கழுத்து யார் கையில் இருக்கிறது என்பது மட்டும் தெரிவதேயில்லை.