காலி இடத்தில் கேட்ட லாடச் சத்தம்

தேனு, ஆதி, ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் அப்பாவுக்குப் பேய், ஆவி, காத்துக் கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பனியன் கம்பெனியில் நைட் ஷிப்டில் தனியாகக் கட்டிங் டேபிளில் நிற்கும்போது பின்னால் துணி ரோல் சரிந்து விழுந்தால், 'எவன்டா இதைச் சரியா அடுக்காதவன்' என்று திட்டியிருக்கிறேனே தவிர பயந்து ஓடியதில்லை. ஆதி இதைப் படித்துவிட்டுச் சிரிப்பான். சிரிக்கட்டும். நான் கேட்டதையும் பார்த்ததையும் மட்டும் எழுதுகிறேன், நம்பினால் நம்புங்கள்.

போன குடியரசு தினத்தன்று தேனு என்.சி.சி. பரேடு முடிந்து வந்து, வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே என்னிடம் ஒன்று கேட்டாளே, நான் மோட்டார் போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டேனே, அதற்குப் பதில்தான் இது. வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது நடந்தது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த குடும்பம் நாங்கள், அது உங்களுக்குத் தெரியும். ஸ்கூலில் என் பேச்சைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் ஒருத்தன்தான், சாதிக். உங்கள் சாதிக் மாமாதான். ராயபுரத்தில் அவன் அப்பாவுக்கு அப்போதே பனியன் வேஸ்ட் கடை, கம்பெனிகளில் வெட்டி மிஞ்சின துண்டுத் துணிதான் சரக்கு. அவன் சேர்ந்தான் என்பதற்காகத்தான் நானும் என்.சி.சி.யில் சேர்ந்தேன்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மூக்கில் ஷூ பாலிஷ் வாசம் வருகிறது. சனிக்கிழமை காலை பரேடு. காக்கிச் சட்டைக்கு என் அம்மா வடிகஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பாள், போட்டால் அட்டை மாதிரி நிற்கும். பெல்ட் பக்கிளைப் புளி வைத்துத் துலக்குவோம். பூட்ஸ் துடைக்க சாதிக் அவன் கடையிலிருந்து ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் கொண்டுவந்துவிடுவான், எங்கள் ட்ரூப் பூட்ஸ் மாதிரி மின்னின பூட்ஸ் ஜில்லாவிலேயே கிடையாது என்று சத்தியம் செய்வேன். பரேடு முடிந்தால் பூரி கிழங்குப் பொட்டலம். அந்தப் பூரிக்காகவே வந்தவர்களும் உண்டு, பேர் சொல்ல மாட்டேன்.

பூரி தின்றது மட்டும் இல்லை கண்ணுகளா. சாயத் தண்ணீர் ஓடின வாய்க்கால் கரையைச் சுத்தம் செய்து வேப்பங்கன்று நட்டோம், இன்றைக்கும் அதில் சிலது நிழல் தருகிறது. தேர்த்திருவிழாவில் கூட்டத்தில் தொலைந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய் மைக் இருக்கும் இடத்தில் சேர்த்தோம். கேம்ப்புக்குப் போய்த் துப்பாக்கி சுட்டோம். எங்கள் கமாண்டர் குமரேசன் பின்னால் ராணுவத்திலேயே சேர்ந்துவிட்டான். அவன் சாமளாபுரத்துக்காரன், வீட்டோடு தறி ஓடும், அந்தத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே வளர்ந்த தொண்டை. அவன் 'சாவ்தான்' என்றால் பக்கத்துத் தெரு நாய்கூட நேராக நிற்கும். அந்தக் குரலுக்காகத்தான் சார் அவனைக் கமாண்டர் ஆக்கினார்.

ஆனால் எங்களை ஜில்லா பரேடுக்கு மட்டும் கூப்பிட்டதே இல்லை. பேண்டு வாத்தியம் வைத்திருக்கிற பெரிய ஸ்கூல்கள்தான் போகும். எங்கள் என்.சி.சி. சார், வரலாறு நடத்துகிறவர், நடையாய் நடந்து கெஞ்சி அந்த வருடம் எங்களுக்கு ஓர் இடம் வாங்கிவிட்டார். எங்களை வரிசையாக நிறுத்தி வைத்துத்தான் சொன்னார்.

"பாருங்கப்பா, ஒரே ஒரு வாட்டிதான் குடுத்திருக்கறாங்க. நல்லா நடந்தா வருசா வருசம் கூப்புடுவாங்க. கோணலா நடந்தா இனி நம்ம ஸ்கூலு பேரையே எடுக்க மாட்டாங்க."

நான் நடு வரிசையில் இடது கடைசி. எனக்கு வலப்பக்கம் சாதிக். எனக்கு ஒரு வியாதி, நடக்க நடக்க வலப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போவேன். சாதிக்தான் முழங்கையால் ஒரு இடி இடித்து என்னை நேராக்குவான்.

"ஏன்டா, உங்கூருல எல்லாருமே கோணலாத்தான் நடப்பீங்களா?" என்பான்.

"போலே, நீதாம்லே இந்தப் பக்கம் வாரே" என்பேன் நான்.

அவன் என் பக்கத்தில் நடந்தால் பார்க்கவே வேண்டாம், காது போதும். அவன் பூட்ஸ் இரண்டுக்கும் செருப்பு தைப்பவரிடம் சொல்லிக் குதிகாலில் இரும்பு லாடம் அடித்திருந்தான். வலது கால் லாடம் ஒரே வாரத்தில் கழன்று எங்கோ விழுந்துவிட்டது. இடது மட்டும் மிச்சம். அதனால் அவன் நடந்தால் டக், டப், டக், டப் என்று ஒற்றைக் காலில் மட்டும் இரும்பு பேசும். நான் அந்தச் சத்தத்தோடு காலை வைத்துக்கொள்வேன்.

பரேடுக்கு முந்தின வாரம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தோம், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள், ரத்தத்தில் ஏதோ குறைந்துகொண்டே போகிறது என்றார்கள். எங்களை யாரையும் பார்க்க விடவில்லை. யூனிபாரத்தோடு வேறு பையனும் இல்லை. தேனுவுக்குத் தெரியும், ஆதிக்காகச் சொல்கிறேன், மூன்று வரிசையில் ஓர் ஆள் குறைந்தால் அந்த இடத்தை நெருங்கி மூடக் கூடாது. இடது ஓரத்திலிருந்து இரண்டாவது இடத்தில் அந்தக் காலியை அப்படியே வைத்து நடக்க வேண்டும். அதற்கு பிளாங்க் ஃபைல் என்று பெயர். சாதிக் நிற்பதே அந்த இடம்தான். எனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு வெறும் காற்று.

ஒத்திகையில் என்ன ஆகியிருக்கும், நீங்களே யோசியுங்கள். இடிக்கிற முழங்கை இல்லை, கேட்கிற லாடம் இல்லை. நாலு எட்டு போவதற்குள் நான் அந்தக் காலிக்குள் போய் விழுவேன். எனக்கு முன்னால், பின்னால் இருந்தவர்களும் குழம்பி, இடது ஓரமே கொக்கி மாதிரி வளைந்துவிடும்.

"டேய் சாத்தூரு, அங்க என்ன சீட்டா போட்டு வெச்சிருக்குது, போய் உக்காரப் போற?" என்று குமரேசன் கத்தினான்.

சார் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. தோளில் கை வைத்து, "கண்ணு, அந்த எடத்துல அவன் நிக்கறான்னே நெனச்சுக்க. அவன் மேல போய் மோதுவியா நீ?" என்றார்.

சரிங்க சார் என்றேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என்னால் ஸ்கூல் பேர் கெட்டுவிடும், சாதிக் எழுந்து வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்று அதே நினைப்பு.

குடியரசு தினம். மார்கழி போய்த் தை வந்தும் பனி போகவில்லை, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு பளிச்சென்று புதிதாகப் போட்டிருந்தார்கள். பெரிய ஸ்கூல் பேண்டு எங்களுக்கு முன்னால் போய்விட்டது. குமரேசன் 'தேஜ் சல்' என்று கமாண்டு கொடுத்தான், கிளம்பிவிட்டோம்.

கொஞ்ச தூரம் போனதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் சாய்கிறேன். வலது தோள் தானாக அந்தக் காலிக்குள் போகிறது, நிறுத்த முடியவில்லை, அவ்வளவுதான் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது என் வலது முழங்கையில் ஓர் இடி. லேசாக இல்லை, வலிக்கிற இடி. நான் நேரானேன். அடுத்த எட்டில் காதில் கேட்டது.

டக், டப், டக், டப்.

இத்தனை பூட்ஸ் சத்தத்தில் அது எப்படித் தனியாகக் கேட்கும் என்று ஆதி கேட்பான். கேட்டது, வேறு என்ன சொல்ல. எங்கள் ட்ரூப்பில் அவனைத் தவிர யார் பூட்ஸிலும் லாடம் கிடையாது.

மேடை வந்தது. குமரேசன் 'தாஹினே தேக்' என்றான். வலப்பக்கம் பார் என்று அர்த்தம், எல்லோரும் ஒரே வெட்டில் வலது பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். எனக்கோ திரும்பினால் தெரியப்போவது அந்தக் காலிதான். பார்க்கப் பயந்தேன், ஆனால் கமாண்டு கொடுத்தால் கழுத்து தானாகத் திரும்பிவிடும், அப்படிப் பழகியிருந்தோம்.

திரும்பினேன். காலியாக இல்லை.

அவனும் வலப்பக்கம்தானே பார்ப்பான், அதனால் முகம் தெரியவில்லை. பெரட் தொப்பி, அதற்குக் கீழே இடது காது, பிடரி. பிடரியில் முடி கசகசவென்று வளர்ந்திருந்தது. பரேடுக்கு முந்தின நாள் எல்லோரும் முடி வெட்டியே ஆக வேண்டும், சாதிக் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. நானாகக் கற்பனை செய்திருந்தால் மழித்த பிடரியோடுதானே அவன் வந்திருக்க வேண்டும்? வீசின இடது கையின் மேல்புறத்தில் வெள்ளையாக பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கை முன்னால் போகும்போது தெரிந்தது, பின்னால் போனது, மறுபடி தெரிந்தது. எனக்குப் பயமே வரவில்லை. அவன் வந்துவிட்டான், இனி கோணாது என்றுதான் நினைத்தேன். 'சாம்னே தேக்' என்றதும் நேராகப் பார்த்தேன். மைதானத்தின் கடைசிக் கோட்டைத் தாண்டும்வரை சத்தம் கேட்டது. தாண்டினதும் இல்லை.

சிறந்த அணிக்கான கேடயம் எங்களுக்குக் கிடைத்தது. சார் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பெரிய ஆபீசரு என்ன சொன்னாருன்னு கேளுங்கப்பா. 'மூணு வரிசையும் ரொம்பி இருந்துச்சு, ஒரு எடங்கூடக் காலியில்ல'ங்கறாரு. அவரு கண்ணாடிய மாத்தோணுமாட்ட இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கேடயத்தைத் தூக்கிக்கொண்டு குமரேசனும் நானும் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அன்றைக்கு உள்ளே விட்டார்கள். சாதிக்கின் அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"காலைல ஒடம்பு சில்லுன்னு போயிருச்சு கண்ணு. கூப்புடறேன், கூப்புடறேன், பதிலே இல்ல. டாக்டரு, நர்ஸம்மா எல்லாம் ஓடியாந்தாங்க. கொஞ்ச நேரங்கழிச்சு அவனா கண்ணத் தொறந்து, 'அம்மா, காலு வலிக்குது, தண்ணி குடு'ங்கறான். அல்லா காப்பாத்திட்டான்."

உள்ளே போனோம். கட்டிலில் கிடந்தான். இடது கையில் சலைன் ஊசிக்கு மேலே பிளாஸ்திரி. பிடரியில் முடி. குமரேசன் வாயைத் திறப்பதற்குள் அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னைக்கு நீ கோணலா நடக்கலடா."

"ஏலே, யாருலே சொன்னா?"

"தெரீலடா. சொல்லோணும்னு தோணுச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

காய்ச்சலில் பூட்ஸ், பூட்ஸ் என்று பிதற்றினான் என்று அவன் அம்மா பூட்ஸைத் துடைத்துக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். நான் குனிந்து பார்த்தேன். கறுப்பாக மின்னியது. இடது குதிகாலில், லாடத்தைச் சுற்றி மட்டும், வெள்ளையாகச் சுண்ணாம்பு. குமரேசனிடமும் காட்டவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் எங்கள் ஸ்கூலை வருடா வருடம் பரேடுக்குக் கூப்பிட்டார்கள். சாதிக் எழுந்து வந்தான், வளர்ந்தான், கடையைப் பார்த்தான், உங்களுக்கு மாமா ஆனான். அந்தக் காலையைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளும் பேசியதில்லை. பிள்ளைக் காலத்து மயக்கம் என்று நானும் மறந்திருப்பேன்.

ஆனால் தேனு, அன்றைக்கு நீ கேட்டாய்: "அப்பா, எங்க ட்ரூப்ல ஒரு பொண்ணுக்குக் காச்சல், எம் பக்கத்துல பிளாங்க் ஃபைல் வெச்சுத்தான் நடந்தோம். ஆனா அங்க இருந்து ஒத்தக் காலு மட்டும் டக்கு டக்குன்னு கேட்டுச்சு. ஏனுங்கப்பா?"

லாடக் கதையை நான் உனக்குச் சொன்னதே இல்லை.

மோட்டார் போடப் போகிறேன் என்று எழுந்தவன், வண்டியை எடுத்துக்கொண்டு ராயபுரம் போனேன். கடையில் சாதிக் மூட்டை மேல் உட்கார்ந்து இடது குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"வாடா. காலைல இருந்து காலு ஒரே வலி. கடைய உட்டு எங்கயும் போகல, ஏன்னே தெரீல" என்றான். "பாப்பா பரேடு எப்படி? நல்லா நேரா நடந்தாளாட்ட இருக்குது?"

சொல்லிக்கொண்டே ஒரு கறுப்புப் பனியன் வேஸ்ட்டை எடுத்துக் குதிகாலைத் துடைத்துக் கீழே போட்டான். துணியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நான் குனிந்து எடுத்துப் பார்க்கவில்லை.