டிராகனை வெளியே எடுத்தவள்

நகரப் பேருந்து ஓட்டும் அவளுக்குப் பணிமனையில் வைத்த பெயர் பிரேக்கு. மஞ்சள் விளக்கைக் கண்டாலே வண்டியை நிறுத்திவிடுவாள் என்ற கிண்டல். சீட்டு மேசையில் உட்கார்ந்தால் மட்டும் ஆளே வேறு. மாயப் பிராணிகள் மோதும் அந்த விளையாட்டில் அவள் நம்பிக்கை முழுவதும் டிராகன் மேல். அது இறங்கிவிட்டால் எதிராளி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அன்று சீட்டுக்கடை மாடியில், வெளியூர்ப் போட்டிக்கான அணித் தேர்வு. மிச்சம் இருந்தது ஒரே இடம். போன வருஷம் மாற்று ஆளாகப் போய், மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை அவர்கள் பைகளுக்குக் காவல் இருந்துவிட்டுத் திரும்பியவள் அவள். இந்த முறையும் அதே கதி என்றால் சீட்டைத் தொடுவதில்லை என்று பணிமனை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

கடைசிச் சுற்றில் எதிரே வந்து உட்கார்ந்தது அண்ணி. மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிப்பவருக்கு அந்த இடம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்குள் எந்தக் கண்ணாடிச் சட்டம் கேட்பார் என்று சொல்லிவிடுவாள்.

வீட்டில் இருவருக்கும் ஒரே சீட்டுப் பெட்டி. சமையலறை மேசையில் பரப்பி, ஆளுக்கொரு சீட்டுக்கட்டைச் சேர்ந்தேதான் அமைப்பார்கள். ஊற்றுச் சீட்டு இருந்தால்தான் பிராணியை இறக்கச் சக்தி கிடைக்கும். அது குறைந்தால் கையில் படையே இருந்தும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். கூடினால் கையில் வெறும் தண்ணீர். அந்த அளவைப் பிடிப்பதில் அண்ணி கெட்டிக்காரி. ஆகவே பிரேக்கின் கட்டு அண்ணிக்கு மனப்பாடம். அண்ணியின் கட்டு இவளுக்கும் அப்படியே.

சுவரோரம் நின்ற அண்ணனிடம், யார் பக்கம் என்று ஒருவர் கேட்டார்.

"யாரு ஜெயிச்சாலும் திரும்புறப்ப ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காரப்போறது நான்தான்" என்றான்.

முதல் ஆட்டத்தில் டிராகன் இறங்கியது. பெரிய பிராணியை மடக்கவென்றே தயாராக வைத்திருந்த வலைச் சீட்டை, இரண்டு ஊற்று செலவழித்து அண்ணி வீசினாள். கதை முடிந்தது. இரண்டாவதில் அண்ணிக்கு ஊற்றே வரவில்லை, பிரேக்கு பிழைத்தாள்.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன் கட்டில் சில சீட்டுகளை மாற்றிக்கொள்ளலாம். பிரேக்கின் விரல் டிராகன் மேல் நின்றது. இதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எலிப் பட்டாளம். அதைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் அண்ணி சிரிப்பாள். இருந்த இரண்டு டிராகன்களையும் உருவினாள். அந்த இடத்தில் இன்னும் இரண்டு எலிகளைச் செருகினாள். கட்டைக் குலுக்கி வைத்தாள்.

எலிகள் கடித்தன. சின்னக் கடிதான், ஆனால் விடாமல் கடித்து அண்ணியின் உயிர்க்கணக்கைக் குறைத்தன. அண்ணி ஒவ்வொரு முறையும் இரண்டு ஊற்றுகளைத் தொடாமல் ஒதுக்கி வைத்தாள். கையில் வலை இருக்கிறது, டிராகனுக்காகக் காத்திருக்கிறாள் என்று பிரேக்குக்குப் புரிந்தது. அண்ணியின் கட்டில் ராட்சசனும் உண்டு. ஒதுக்கிய அந்த இரண்டு ஊற்றையும் சேர்த்துச் செலவழித்தால் அவன் இறங்குவான். இறங்கினால் எலிகள் கூண்டோடு காலி.

பிரேக்கின் கையில் கடைசியாக மிஞ்சியது ஓர் ஊற்று. அதை மேசையில் வைத்தால் கை காலி. டிராகன் இல்லை என்பது பட்டென்று தெரிந்துவிடும். வைக்கவில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி அந்த ஒற்றைச் சீட்டின் முதுகைப் பார்த்தாள். பிறகு இவள் முகத்தை. பேருந்தில் பின்னால் ஆயிரம் ஹாரன் அடித்தாலும் அசையாத முகம் அது. இப்போது கன்னம் துடித்துவிடுமோ என்று இருந்தது.

"வச்சிருக்கியாடி?" என்று மெதுவாகக் கேட்டாள் அண்ணி.

"ஆடுங்க அண்ணி."

அண்ணியின் கை ஊற்றுகள் மேல் போய் நின்றது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். கை பின்வாங்கியது. இரண்டு ஊற்றுகள் இந்த முறையும் சும்மா கிடந்தன.

எலிகள் பாய்ந்தன. அண்ணியின் உயிர்க்கணக்கு தீர்ந்தது.

அண்ணி கையிலிருந்த சீட்டுகளைத் திருப்பி வைத்தாள். வலை. பக்கத்தில் ராட்சசன். "காட்டு" என்றாள். பிரேக்கு ஊற்றைத் திருப்பி வைத்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை.

"வீட்டுக்குப் போனதும் பெட்டியை ரெண்டாப் பிரிக்கிறோம். இனிமே உன் கட்டை எங்கிட்ட காட்டாத."

இடம் கிடைத்துவிட்டது, ஆனால் சமையலறை மேசை போய்விட்டது போல் இருந்தது பிரேக்குக்கு. "அப்ப யார்கூட ஆடிப் பாக்குறது?"

"என்கூடத்தான். அங்க போட்டியில உன் கட்டு எவளுக்குத் தெரியப்போகுது? எனக்கும் தெரியாம ஆடிப் பழகு."